கோட்டாறு முதல் பார்வதிபுரம் வரை: ஒரு சாலையின் தடத்தையும் காலத்தையும் தேடி எழுதும் முறை

நாகர்கோவிலில் சாலை வரலாறு எழுதப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். முதலில் கதையைக் கேட்கிறார்கள், பிறகு அந்தக் கதைக்குப் பொருத்தமான கல்லைத் தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் தரை, அடுத்து நில ஆவணம், அதன்பின் அரசுப் பதிவு, கடைசியில் வாய்மொழி. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் முந்தையதைச் சரிபார்க்கும். இங்கே சொல்லும் முறை எந்த ஊர்ச் சாலைக்கும் பொருந்தும். ஆனால் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த நம் மாவட்டத்துக்கென்று தனியாகச் சில சிக்கல்கள் உண்டு. ஆண்டுக் கணக்கு வேறு, பணக் கணக்கு வேறு, பதிவு மொழி வேறு. அவற்றுக்கே இங்கு அதிக இடம்.

எந்தத் துண்டை எடுப்பது

திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், அழகியமண்டபம், தக்கலை வழியாக வரும் சாலை பார்வதிபுரத்தில் கவையாகப் பிரிகிறது. ஒரு கிளை வெட்டூர்ணிமடம், கிருஷ்ணன்கோவில் வழியே வடசேரிக்கு வருகிறது. இன்னொன்று கலெக்டர் அலுவலகம் பக்கமாக ஊருக்குள் நுழைகிறது. 2018இல் திறந்த பார்வதிபுரம் மேம்பாலமும் இதே கவை வடிவில்தான் கட்டப்பட்டிருக்கிறது. நகரத்தின் மறுமுனையில் வேப்பமூடு, செட்டிக்குளம், கோட்டாறு, இடலாக்குடி, சுசீந்திரம் என்று தெற்கே இறங்கிச் சாலை கன்னியாகுமரியில் முடிகிறது. ஒழுகினசேரிப் பக்கம் பழையாற்றைக் கடந்து தோவாளை, ஆரல்வாய்மொழி போகிற கிழக்குச் சாலை இதிலிருந்து பிரிகிறது.

முழு நீளத்தையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். முதல் முயற்சிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போதும். கோட்டாறு, மணிமேடை, வடசேரி, வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம் என்ற துண்டு நல்ல தேர்வு. இதில் பழைய வணிக ஊர், மிஷன் வளாகங்கள், அரசர் காலத்து மணிக்கூண்டு, சந்தை, புது மேம்பாலம் எல்லாம் வந்துவிடுகின்றன.

பூஜ்யப் புள்ளியாக மணிமேடையை வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிறுத்தம் இடம் மாறும், சந்திப்பின் பெயர் மாறும், கடைப் பெயர் ஐந்தாண்டு தாங்குவதே பெரிது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் வருகையை ஒட்டி 1893இல் எழுப்பிய மணிக்கூண்டு அதே இடத்தில் நிற்கிறது. வடசேரிப் பக்கம் போகும் மீட்டர்களுக்குக் கூட்டல் குறி, கோட்டாற்றுப் பக்கத்துக்குக் கழித்தல் குறி. வடசேரியைப் பார்த்து நின்றால் வலக்கை பக்கம் ‘வ’, இடக்கை பக்கம் ‘இ’. ‘வ+640’ என்று எழுதினால், பத்தாண்டு கழித்து இன்னொருவர் வந்தாலும் அதே சுவரின் முன் நிற்க முடியும். கோட்டாற்றுக்கு நடக்கும்போது திரும்பி நடப்பதால் கை மாறிவிடும். பலர் இங்கேதான் இடவலத்தை மாற்றி எழுதி, ஒரு பக்கத்துக் கட்டடங்களை எதிர்ப்பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். எந்தத் திசையில் நடந்தாலும் வடசேரியைப் பார்த்து நிற்பதாகவே நினைத்து எழுதுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

30 மீட்டர் நாடா, ஒரு மீட்டர் அளவுகோல், கைவிளக்கு, சாய்த்து எழுதும் அட்டை, பென்சில், மழைக்குப் பிளாஸ்டிக் உறை. வரைபடத்தை 1:2500 அளவில் அச்சிடுங்கள். தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 25 மீட்டர். ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தால் 28 சென்டிமீட்டர் பயன்படும். அடுத்த தாளோடு ஒட்ட 2 சென்டிமீட்டர் மேலேறல் விட்டால் தாளுக்கு 650 மீட்டர் கிடைக்கும். 6 கிலோமீட்டருக்குப் பத்துத் தாள் வேண்டும்.

கைபேசியின் இடங்காட்டி திறந்தவெளியில் ஐந்து முதல் பத்து மீட்டர் வரை பிசகும், உயரமான கடைவரிசைக்கு நடுவே அதைவிடக் கூடுதலாகப் பிசகும். அதை நம்பி ஒரு வாசலைக் குறித்தால் பக்கத்து வாசலில் போய் நிற்கும். இரண்டு நிலையான மூலைகளிலிருந்து நாடா பிடித்து அளந்து எழுதுவதே சரி.

காலம் முக்கியம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நம் மாவட்டத்தில் பெய்வதால் ஜூன் முதல் டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வேலை நின்றுபோகும். ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஆறு மணி முதல் எட்டரை வரை சிறந்த நேரம். ஷட்டர்கள் இறங்கியிருக்கும், வண்டி நெரிசல் இருக்காது, மாடி முகப்புகளையும் ஓட்டுக்கூரை விளிம்பையும் நின்று பார்க்கலாம். கோட்டாற்றில் சவேரியார் பேராலயத் திருவிழா நாட்களைத் தவிருங்கள். அப்போது பந்தலும் கடைகளும் தரையை மூடிவிடும்.

தரையை வாசித்தல்

முதல் நடையில் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்புங்கள். நான்கு விஷயங்களை மட்டும் பாருங்கள்.

ஒன்று, தரைமட்டம். சாலைக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் மட்டம் ஏறுகிறது. அதனால் பழைய கட்டடத்தின் தரை சாலைக்குக் கீழே போய்விடும். வாசலிலிருந்து படி இறங்கி உள்ளே போகிற கடை கண்ணில் பட்டால் எத்தனை சென்டிமீட்டர் இறக்கம் என்று அளந்து எழுதுங்கள். வரிசையாகப் பத்துக் கடையை அளந்தால் எது மூத்தது, எது இளையது என்ற ஒப்பீடு தானாக வந்துவிடும். இதில் ஒரு பொறி இருக்கிறது. குளத்தையோ வயலையோ தூர்த்த இடத்தில் புதுக் கட்டடமும் தாழ்ந்தே நிற்கும். ஆகையால் தரைமட்டத்தை வைத்து மட்டும் வயது சொல்லாதீர்கள். அடுத்த படியில் வரும் நில ஆவணத்தில் அந்த இடம் ‘குளம் புறம்போக்கு’ என்று இருந்ததா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு, வளைவு. நேராகப் போகும் சாலை காரணமில்லாமல் வளையாது. பழைய குளம், கோவில் மதில், தேர் திரும்பும் இடம், பெரிய வளாகம் ஆகிய நான்கில் ஒன்று அங்கே இருக்கும், அல்லது முன்பு இருந்திருக்கும். வளைவின் உட்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று, கல். சுமைதாங்கி, வழிமண்டபம், மைல்கல், எல்லைக்கல். சுமைதாங்கி என்பது நட்டு நிறுத்திய இரண்டு கல்லும் மேலே ஒரு படுக்கைக் கல்லும். தலைச்சுமையை யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கிற உயரத்தில் நிற்கும். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக நட்டவையும் உண்டு, அதனால் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். சாலை அகலப்படுத்தும்போது இவற்றைப் பெயர்த்துச் சில அடி தள்ளி நடுவது வழக்கம். கல்லின் அடிப்பகுதியைப் பாருங்கள். மண்ணில் புதைந்திருந்த பகுதியின் நிறம் மாறியிருக்கும். அந்தக் கறை தரைக்கு மேலே தெரிந்தால் கல் பிடுங்கி நடப்பட்டிருக்கிறது. அதை வைத்து ‘பழைய சாலையின் விளிம்பு இதுதான்’ என்று எழுதக் கூடாது.

நான்கு, பெயர். இதற்கு நம் பேச்சுமொழியே அகராதி. ‘மூடு’ என்றால் மரத்தடி. வேப்பமூட்டில் இன்று வேம்பு இருக்கிறதோ இல்லையோ, பெயர் பிறந்த நாளில் ஒன்று நின்றிருக்கிறது. ‘மடம்’ என்று முடியும் ஊர்கள், வெட்டூர்ணிமடம், வெள்ளமடம் போன்றவை, சாலையோரம் வழிப்போக்கர் தங்கிய இடங்களைத் தேடச் சொல்கின்றன. ‘விளை’ மேட்டுத் தோட்டம். ‘குளம்’ தண்ணீர். வேப்பமூட்டுப் பூங்காவுக்கு சர் சி.பி. ராமசாமி ஐயரின் பெயர் இருப்பதைப் பார்த்தால், அது அவர் திருவிதாங்கூர் திவானாக, அதாவது அரசரின் தலைமை அமைச்சராக, இருந்த காலத்தின் முத்திரை என்று தெரிந்துவிடும். பெயர் தரும் தகவல் குறிப்புதான், சான்று ஆகாது. ஊர்ப்பெயருக்கு அழகான கதை சொல்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். கதையைத் தனித்தாளில் எழுதிவைத்து, பின்னால் ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்.

முகவரிகளில் வரும் கே.பி. ரோடு, எம்.எஸ். ரோடு போன்ற எழுத்துச் சுருக்கங்களை விரிப்பதிலும் இதே கவனம் வேண்டும். கடைக்காரரிடம் கேட்டால் ஆளுக்கொரு விரிவு சொல்வார்கள். பழைய நகராட்சிப் பதிவிலோ பத்திரத்திலோ முழுப்பெயரைப் பார்க்கும்வரை சுருக்கத்தை அப்படியே எழுதுங்கள்.

கல்லில் உள்ள ஆண்டைப் பிடிப்பது

இதுதான் அதிகப் பிழை நடக்கும் இடம். 1956க்கு முந்தைய கல்லிலும் பத்திரத்திலும் பெரும்பாலும் கொல்லம் ஆண்டுதான், அதாவது மலையாள நாட்காட்டியின் ஆண்டுதான், இருக்கும். ஆங்கிலப் பலகையில் அதையே ‘எம்.இ.’ (மலையாள ஆண்டு) என்று சுருக்கி எழுதியிருப்பார்கள்.

கொல்லம் ஆண்டு நம் பகுதியில் சிங்க மாதம், அதாவது ஆவணி முதல் நாள், ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அதனால் கணக்கு இரண்டு. ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் 31 வரையிலான நாளானால் 824 கூட்டுங்கள். ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் நடு வரையானால் 825. தனு மாதம் (மார்கழி) டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிவதால் அது மட்டும் இரண்டு கணக்கிலும் விழும். தனு என்றால் தேதியையும் பார்த்தே ஆக வேண்டும்.

உங்கள் கணக்கைச் சோதிக்க மூன்று தேதி. பெருவெள்ளத்தை இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பார்கள். அது கொல்லம் 1099, கர்க்கடகம் (ஆடி), 825 கூட்டினால் 1924. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது துலாம் (ஐப்பசி) 1132, 824 கூட்டினால் 1956. 1893 பிப்ரவரி நடு என்றால் கும்பம் (மாசி) 1068. மூன்றும் சரியாக வந்தால் உங்கள் சூத்திரம் சரி. மாதம் அழிந்து ஆண்டு மட்டும் தெரிந்தால் இரண்டு ஆண்டையும் எழுதுங்கள். கொல்லம் 1045 என்றால் 1869–70. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது தமிழ் எண்ணுருக்கள். ௧ என்பது க போல, ௨ என்பது உ போல, ௪ என்பது ச போல, ௫ என்பது ரு போல, ௬ என்பது சு போல, ௭ என்பது எ போல, ௮ என்பது அ போலத் தெரியும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். 1068ஐ ௲௬௰௮ என்று வெட்டியிருப்பார்கள். இதை எழுத்து என்று நினைத்து வாசிக்க முயன்று, ‘புரியவில்லை’ என்று விட்டுவிட்டவர்கள் பலர். ஆண்டுக்குப் பக்கத்தில் பொருள் புரியாத ஒரு சொல் நின்றால் முதலில் எண்ணா என்று பாருங்கள்.

கல்லின்மேல் சுண்ணம், மாவு, எண்ணெய் எதுவும் தடவாதீர்கள். எண்ணெய் கல்லுக்குள் இறங்கித் தூசியைப் பிடித்து வைக்கும், அடுத்த ஆண்டு வாசிக்கவே முடியாது. மாலை மங்கிய பிறகு கைவிளக்கைக் கல்லின் மட்டத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ பதினைந்து பாகை சாய்வில் பிடித்து, எட்டுத் திசையிலிருந்தும் எட்டுப் படம் எடுங்கள். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்தது மூன்றாவது படத்தில் எழுத்தாக எழுந்து நிற்கும். கல்லில் தாளை ஒற்றி மையால் மைப்படி எடுப்பது தொல்லியல் துறை அனுமதியோடு தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

கோவில் கல்வெட்டுகளில் சாலையைப் பற்றி நேராக எழுதியிருப்பது அபூர்வம். நிலத்தானக் கல்வெட்டில் எல்லை சொல்லும் வரியில்தான் சாலை வரும். ‘பெருவழிக்கு மேற்கு’, ‘வழிக்குத் தெற்கு’ என்று ஒரு சொல்லாக ஒளிந்திருக்கும். அரசரைப் புகழும் மெய்க்கீர்த்தியை ரசித்துவிட்டு எல்லை வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சாலை ஆய்வுக்கு அந்த வரிதான் உயிர்.

நில ஆவணம்

தமிழக அரசின் இணையவழிச் சேவையில் பட்டா, ஒவ்வொரு நிலத்தின் வகையையும் சொல்லும் ‘ஏ’ பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றைப் பார்க்கலாம். நகர எல்லைக்குள் வார்டு, பிளாக், நகர அளவை எண் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். சாலையோரத்து எண்களை வரிசையாக எடுத்து, உங்கள் பத்துத் தாளிலும் எழுதுங்கள்.

‘ஏ’ பதிவேட்டில் வகைப்பாட்டைப் பாருங்கள். ‘ரோடு புறம்போக்கு’ என்ற நிலம் இன்றைய தார்ச்சாலையை விட்டு வெளியே பிறைபோல நீண்டிருந்தால், அதுதான் வளைவை நேராக்குவதற்கு முந்தைய பழைய தடம். அந்தப் பிறையின் இரு முனையையும் இணைத்தால் பழைய கோடு கிடைத்துவிடும். தரையில் அந்த இடம் பெரும்பாலும் ஆட்டோ நிறுத்தமாகவோ சிறு கோவில் முற்றமாகவோ இருக்கும்.

பழைய புல வரைபடத்தில் அளவு மீட்டரில் இருக்காது, லிங்க் கணக்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க். ஒரு லிங்க் 20.1 சென்டிமீட்டர். 350 லிங்க் என்றால் 70.4 மீட்டர். 80 சங்கிலி ஒரு மைல், பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். வெறும் எண் மட்டும் எழுதியிருக்கும்போது அடி என்று நினைத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. அப்படி நினைத்தால் சாலை ஒன்றரை மடங்கு அகலமாகிவிடும். தெரிந்த ஒரு சுவரை அளந்து, வரைபட எண்ணோடு ஒப்பிட்டு அலகை உறுதி செய்த பிறகே மற்றவற்றை மாற்றுங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரங்களில் நான்கெல்லைப் பகுதி போதும். ஒரு மனையின் கிழக்கெல்லை ஒரு பத்திரத்தில் ‘வழி’ என்றும், அடுத்த கைமாற்றத்தில் ‘ரோடு’ என்றும் இருந்தால், அந்த இரண்டு தேதிக்கு நடுவில் சாலை அகலமாகியிருக்கிறது. வில்லங்கச் சான்றில் எல்லை விவரம் சுருங்கியிருக்கும், ஆகவே பத்திர நகலையே கேளுங்கள். பத்திரம் தனியாருடையது. உரிமையாளர் சம்மதமில்லாமல் பெயரையும் விலையையும் எழுதாதீர்கள். உங்களுக்கு வேண்டியது எல்லை வரி மட்டும்தானே.

விலை தெரிந்தால் பணக் கணக்கும் தெரிய வேண்டும். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் 28 சக்கரம் 8 காசு. அரசுக் கணக்கில் ஒரே பக்கத்தில் இரண்டு ரூபாயும் வரலாம். பாலம், மண்டபம், சாலை மராமத்துச் செலவைக் கூட்டும்போது கூட்டல் பொருந்தாமல் போவதற்கு இதுவே முதற்காரணம்.

அரசுப் பதிவும் அச்சான நூலும்

1956 நவம்பர் 1க்கு முன் உள்ளதைத் தேட திருவனந்தபுரம், பின் உள்ளதைத் தேட நாகர்கோவிலும் சென்னையும். இந்தக் கோட்டை மனத்தில் வைத்தால் பாதி அலைச்சல் குறையும். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு வட்டங்களின் அரசர் காலத்துக் கோப்புகள் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். இன்னும் பழைய ஓலைகள் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை எழுத்துகளில் இருப்பதால் வாசிக்கத் தெரிந்தவரோடு போங்கள்.

தேடும்போது பெயரின் பழைய வடிவங்களைப் பட்டியலாகக் கையில் வையுங்கள். ஆரல்வாய்மொழி ஆங்கிலப் பதிவில் ‘அரம்போலி’ என்ற ஒலிப்பில் கிடக்கும். மார்த்தாண்டம் பழைய பேச்சில் தொடுவெட்டி. எல்லாவற்றையும் விட முக்கியம், நாகர்கோவில் என்று மட்டும் தேடினால் பழைய செய்தி அகப்படாது. கோட்டாறு என்று தேடுங்கள். சோழர் காலத்தில் மும்முடிச்சோழநல்லூர் என்ற மறுபெயரோடு கல்வெட்டில் வருவதும், முதலாம் குலோத்துங்கன் நிலைப்படை வைத்ததும் கோட்டாறுதான். ஊர்ப்பெயராக நாகர்கோவில் அதை மிஞ்சியது வெகு பிற்காலத்தில்.

அச்சான நூல்களில் இரண்டைத் தவிர்க்க முடியாது. வார்டு, கானர் என்ற இரு அதிகாரிகள் 1816 முதல் 1820 வரை செய்த திருவிதாங்கூர் அளவைக் குறிப்பு சாலைகள், சத்திரங்கள், ஆறு கடக்கும் இடங்களை ஊர் ஊராகச் சொல்கிறது. நாகம் ஐயாவின் 1906ஆம் ஆண்டு மாநிலக் கையேடு மராமத்துத் துறையின் வளர்ச்சியைச் சொல்கிறது. முன்னதில் தூரம் மைலிலும் பர்லாங்கிலும் இருக்கும். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், எட்டு பர்லாங் ஒரு மைல், ஒரு பர்லாங் 201 மீட்டர். 42 மைல் என்றால் 67.6 கிலோமீட்டர். பழைய தூரம் இன்றைய தூரத்தோடு ஒத்துப்போகாவிட்டால் உடனே பழையவர்மேல் பிழை சொல்லாதீர்கள். சாலை நேராக்கப்பட்டிருக்கும், அல்லது அவர்கள் எண்ணத் தொடங்கிய இடம் வேறாக இருக்கும்.

மைல்கல்லிலும் இதே கேள்வி வரும். ஒரு கல்லை மட்டும் பார்த்து எங்கிருந்து எண்ணினார்கள் என்று சொல்ல முடியாது. அடுத்த கல்லையும் தேடி, எண் எந்தத் திசையில் ஏறுகிறது என்று பாருங்கள். இன்றைய கிலோமீட்டர் கல்லில் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. எண்களிலும் கவனம் வேண்டும். 47 என்று நாம் சொல்லிப் பழகிய நெடுஞ்சாலைக்கு இப்போது 66. காவல்கிணறு வழியாகக் கன்னியாகுமரிக்கு வரும் பழைய 7 இன்று 44. ஆரல்வாய்மொழி வழிப் பழைய 47பி இன்று 944. 2010இல் அறிவித்த புது எண்முறை இது. கடைப் பலகைகளில் இன்னும் பழைய எண் தொங்குவதால் எழுதும்போது இரண்டையும் குறியுங்கள்.

காலக்கோட்டை அமைப்பது

தரையிலும் ஆவணத்திலும் கிடைத்ததைக் கோக்க ஒரு முதுகெலும்பு வேண்டும். இந்தச் சாலைக்கு உறுதியாகச் சொல்லக்கூடிய முடிச்சுகள் இவை.

1741இல் திருவிதாங்கூர் டச்சுப் படையை வென்ற குளச்சல் போர். அதன்பின் மன்னர் மார்த்தாண்டவர்மா தக்கலையை அடுத்த உதயகிரிக் கோட்டையை, போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயைக் கொண்டு புதுப்பித்தார். 1795 வரை தலைநகர் பத்மநாபபுரம். கோட்டையும் அரண்மனையும் இந்தச் சாலைத் தடத்தை ஒட்டியே இருப்பதால், படையும் நிர்வாகமும் ஏன் இந்த வழியைப் பேணின என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1809 பிப்ரவரியில் திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியின்போது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே வந்தது. 1818இல் சார்லஸ் மீட் என்ற மதபோதகர் லண்டன் மிஷனின் தலைமையிடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். ஹோம் சர்ச், ஸ்காட் கல்லூரி, டதி பள்ளி என்று நகரின் மேற்கில் அகலமான வளாகங்கள் தொடர்வது அந்த மாற்றத்தின் விளைவு. கோட்டாற்றின் நெருங்கிய கடைவரிசையிலிருந்து நடந்து அந்தப் பக்கம் போனால், மனைகளின் முகப்பு அகலம் மாறுவதை நாடா வைத்தே காட்டலாம்.

1858 முதல் 1872 வரை மாதவராவ் திவானாக இருந்த காலத்தில் மராமத்துத் துறை ஐரோப்பியப் பொறியாளர் பொறுப்பில் வந்து சாலை வேலைகள் வேகம் பிடித்தன. 1920இல் நாகர்கோவில் நகராட்சி. 1936 முதல் 1947 வரை சி.பி. ராமசாமி ஐயர் திவான். அந்தக் காலத்தில்தான் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி சாலைக்கு சிமென்ட் கான்கிரீட் போடப்பட்டது. அதே சாலையில் ஓட்டுவதற்கென்றே 1938 பிப்ரவரி 20இல் அரசுப் பேருந்துத் துறை தொடங்கப்பட்டது. தண்டவாளம் நாகர்கோவிலுக்கு வந்தது 1979இல், திருநெல்வேலி இணைப்பு 1981இல். அதுவரை பயணிகளையும் சரக்கையும் இந்த மாவட்டம் சுமந்தது சாலையில்தான். இந்த ஒரு செய்தியை விட்டுவிட்டு எழுதினால், ஓரத்துச் சந்தைகளும் லாரி நிறுத்தங்களும் ஏன் இத்தனை பெரிதாக வளர்ந்தன என்பது விளங்காது. 2019இல் நகராட்சி மாநகராட்சியானது. வார்டு எண்கள் அப்போதும் மாறின, ஆகவே பழைய வார்டு எண்ணை இன்றைய வரைபடத்தில் வைக்காதீர்கள்.

கடைசியில் கேளுங்கள்

இப்போது பெரியவர்களிடம் போகலாம். கையில் பத்துத் தாளும் காலக்கோடும் இருப்பதால் கேள்வி கூர்மையாக இருக்கும். ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் ஊகம்தான் வரும். எல்லாருக்கும் நினைவிருக்கும் நிகழ்ச்சியைக் கொடுத்து அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். ‘பாட்டா, ரயிலு வாறதுக்கு முன்னயே இந்தக் கடை இங்கதான் இருந்துதா?’ ‘அண்ணாச்சி, தொண்ணூத்தி ரெண்டு வெள்ளத்துல தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துது?’ என்று கேட்டால் பதில் கல்லில் அடித்தது போல வரும்.

கேட்பதற்கு நல்ல நிகழ்ச்சிகள் இவை: தமிழகத்தோடு இணையக் கேட்ட போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11இல் நடந்த துப்பாக்கிச் சூடு, 1956 இணைப்பு, 1970 விவேகானந்தர் பாறை நினைவகம், 1979 ரயில், 1992 வெள்ளம், 2000 ஜனவரி 1 திருவள்ளுவர் சிலை, 2004 சுனாமி, 2017 ஒக்கிப் புயல். ஒரே கேள்வியைச் சாலையின் இரு பக்கத்திலும் இருவரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லிவிட்டுக் கேட்டால் இரண்டாவது சாட்சி வீண். கிடைத்த பதிலை ‘1970க்குப் பின், 1979க்கு முன்’ என்று எழுதுங்கள். ‘சுமார் 1975’ என்று நடுவில் ஓர் எண்ணை வைத்துவிட்டால், அடுத்து எழுதுகிறவர் ‘சுமார்’ என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார்.

கடைப் பலகையில் உள்ள தொடக்க ஆண்டு நிறுவனத்தின் வயது. கட்டடத்தின் வயது அதுவாக இருக்க வேண்டியதில்லை, அதே இடத்தில் தொடங்கினார்கள் என்பதும் நிச்சயமில்லை. மாடி முகப்பில் சுண்ணாம்புப் பூச்சில் புடைத்து நிற்கும் ஆண்டு நம்பகமானது. ஆனால் அது கொல்லம் ஆண்டா கிறிஸ்து ஆண்டா என்று பாருங்கள். 10 அல்லது 11 என்று தொடங்கினால் கொல்லம், 18 அல்லது 19 என்றால் கிறிஸ்து. இதில் குழப்பம் வராது.

எழுதும்போது

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பத்தி போதும். இட எண், இன்று என்ன இருக்கிறது, முன்பு என்ன இருந்தது, எப்படித் தெரியும் என்ற வரிசையில் எழுதுங்கள். ‘எப்படித் தெரியும்’ என்பதற்கு நான்கு குறி வைத்துக்கொள்ளலாம்: தரை, நிலம், பதிவு, வாய்மொழி. இரண்டு குறி சேர்ந்தால் உறுதியாக எழுதுங்கள். ஒரு குறி மட்டும் இருந்தால் எந்தக் குறி என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாய்மொழி மட்டும் உள்ளதைச் சாய்வெழுத்தில் போட்டால் வாசகருக்கு உடனே தெரியும்.

படத்தில் அளவுகோலும் தேதியும் இருக்கட்டும். சாலை அகலப்படுத்த எந்த நேரமும் ஆள் வரலாம், அப்போது உங்கள் படம் மட்டுமே மிஞ்சும். எழுத்துள்ள கல் பெயர்த்துப் போட்டு மண்குவியலில் கிடப்பதைக் கண்டால் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இடத்தை விட்டு நகர்ந்தால் பாதிச் செய்தி போய்விடும். கிடந்த இடத்தை இரண்டு மூலையிலிருந்து அளந்து, எழுத்துள்ள முகம் எந்தத் திசையைப் பார்த்துக் கிடந்தது என்று குறித்து, படத்தோடு வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். லாரி மறுநாள் காலையே வந்துவிடும்.